டர்பனில் கொண்டை வலை பின்னும் வகுப்பு: முதல் நாளுக்காகவே போகலாம்

பரதநாட்டியம் ஆடும் பிள்ளைகள் உள்ள வீட்டில், கடையில் வாங்கும் நைலான் கொண்டை வலை எவ்வளவு சீக்கிரம் கிழியும் என்பது தெரியும். அதனால்தான் கிளென்வுட் பக்கம் ஒரு வீட்டில் நடக்கும் இந்த இரண்டு நாள் வகுப்பில் சேர்ந்தேன். பழங்காலக் கொண்டை வலைகளை அந்தக் காலத்து முறையிலேயே பின்னக் கற்றுத் தருகிறார்கள். முதல் நாள் முடிச்சு வலை, மறுநாள் இழைகளை விரலால் முறுக்கிப் பின்னும் ஸ்ப்ராங். நூல், ஊசி எல்லாம் சேர்த்து 900 ராண்ட்.

முடிச்சு வலைக்கு வேண்டியது நூல் சுற்றிய வலை ஊசியும், கண்ணி அளவு மாறாமல் இருக்க ஒரு சின்னக் குச்சியும்தான். நூலைக் குச்சியின் மேல் போட்டு, மேல் வரிசைக் கண்ணிக்குள் ஊசியை விட்டு இழுத்து, கண்ணி குச்சியின் விளிம்பைத் தொட்டதும் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். அப்புறம் நூலை இடப்பக்கம் வளையமாக வீசி, ஊசியைக் கண்ணியின் இரண்டு இழைகளுக்கும் பின்னால் கொண்டுபோய் அந்த வளையம் வழியாக எடுத்து இறுக்கினால் முடிச்சு விழும். விரல் சற்றே நழுவினாலும் முடிச்சு கீழே இறங்கி வெறும் சுருக்காகிவிடும். பார்த்தால் முடிச்சு போலவே இருக்கும், இழுத்தால் ஓடும். ஆசிரியை ஒவ்வொருவர் வலையையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, முடிச்சுகளை நகத்தால் தள்ளிப் பார்த்த பிறகுதான் அடுத்த வரிசைக்கு விடுகிறார். இந்தப் பொறுமைக்கே காசு கொடுக்கலாம்.

லண்டனில் தோண்டி எடுத்த 14ஆம் நூற்றாண்டுப் பட்டு வலைகளைப் பற்றி அவர் அழகாகச் சொன்னார். ஆனால் இது மீன் வலை முடிச்சேதான், அதை டர்பனில் சொல்லாமல் விடலாமா? என் பக்கத்தில் இருந்த அக்காவின் குடும்பம் டர்பன் துறைமுகத்துச் சால்ஸ்பரி தீவில் கரைவலை இழுத்த குடும்பம், இரண்டாம் உலகப்போர் சமயத்தில் கடற்படைத் தளத்துக்காக அங்கிருந்து கிளப்பப்பட்டவர்கள். ஊசியைக் கையில் எடுத்ததுமே, "எங்க தாத்தாவோட வலை ஊசிதான் தங்கச்சி இது, அது பெருசு, இது பொடிசு" என்றார். ஆசிரியை உடனே அவரையே செய்துகாட்டச் சொன்னார், அது எனக்கு மிகவும் பிடித்தது. அடுத்த வகுப்பிலிருந்து இதையும் பாடத்திலேயே சேர்க்க வேண்டும்.

இரண்டாம் நாள்தான் குறை. ஸ்ப்ராங்கில் குறுக்கே ஓடும் ஊடை நூலே கிடையாது. இரண்டு கட்டைகளுக்கு நடுவே நெடுக்கே இழுத்துக் கட்டிய பாவு இழைகளை விரலாலேயே முன்னும் பின்னும் மாற்றி முறுக்கினால், மேலே போடுகிற பின்னல் கீழேயும் எதிர்த்திசையில் தானாக விழும். இரண்டும் நடுவில் சந்திக்கும் இடத்தில் ஒரு கயிற்றைக் கோத்துப் பூட்டாவிட்டால் அத்தனையும் அவிழ்ந்துவிடும். டென்மார்க்கில் ‘போரும் எஸ்ஹோய்’ (Borum Eshøj) என்ற புதைமேட்டில் 1871இல் கிடைத்த ஒரு பெண்ணின் கம்பளி வலை இந்த முறையில் பின்னியது, வெண்கலக் காலத்தது. இவ்வளவு பெரிய வித்தையை ஒரே நாளில் அடைத்தால் எப்படி? பாதிப் பேர் நடுக்கயிறு வரை போகவே இல்லை. இதைத் தனி வகுப்பாக வைத்தால் திரும்பவும் பணம் கட்டத் தயார்.

இன்னொன்று, அவர்கள் தருவது பருத்தி நூல். பஞ்சு எழும்பி முடியைப் பிடிக்கிறது. மேடைக்குப் போடப் பின்னுகிறவர்கள் பட்டு நூல் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தனியாகக் காசு வாங்கிக்கொண்டு எடுத்து வைக்கிறார்கள்.