65 வாட், மூன்று போர்ட், ஒரு நொடி இருட்டு

3,400 ரூபாய்க்கு நீ வாங்கிய சார்ஜர் இப்போது 1,800க்குக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். "வாங்கு" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லத்தான் நினைத்தேன், முடியவில்லை.

பொருள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கேன் (GaN, காலியம் நைட்ரைடு சிப்) வகை 65 வாட் சார்ஜர், இரண்டு டைப்-சி, ஒரு பழைய யூஎஸ்பி-ஏ. இரண்டரை ஆண்டுகளாகப் பயணப் பையில் இருக்கிறது. சென்னை - பெங்களூரு, சென்னை - கோவை ரயில், மாதத்துக்கு ஒரு ஹைதராபாத் விமானம், மற்ற நாட்களில் ஓ.எம்.ஆர். அலுவலக மேஜை. நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. 65 வாட்டைப் போர்ட்டுகளுக்குப் பிரிக்கும் இதே பங்கீட்டோடு வேறு வேறு பெயர்களில் பல சார்ஜர்கள் கடையில் இருக்கின்றன, குறையும் அந்த வகைக்கே பொதுவானது.

குறை இதுதான். லேப்டாப் முதல் சி போர்ட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது போர்ட்டில் போனைச் செருகினால், லேப்டாப்புக்குப் போகும் மின்சாரம் ஒரு நொடி அளவுக்கு நின்று, திரும்ப வருகிறது. போனைப் பிடுங்கும்போதும் அதே கதை. 65ஐ 45 + 20 என்று பிரிக்கவும், பிரித்ததைத் திரும்பச் சேர்க்கவும் அதற்கு அந்த ஒரு நொடி தேவைப்படுகிறது.

ஒரு நொடிதானே என்று தோன்றும். லேப்டாப்பில் பேட்டரி இருப்பதால் அது அணையாது, திரை சற்று மங்கி மீளும், அவ்வளவுதான். சிக்கல் ஹப்பில் இருக்கிறது. ஹெச்டிஎம்ஐ, லேன், யூஎஸ்பி எல்லாம் ஒன்றாக உள்ள டைப்-சி ஹப்பின் வழியாக லேப்டாப்புக்குச் சார்ஜ் கொடுப்பவர்கள் நிறையப் பேர். அந்த ஹப்புக்கு உணவே சார்ஜரிலிருந்துதான். சார்ஜர் கையை விட்டதும், கண்ணிமைப்பதற்குள் லேப்டாப்பிடமிருந்து மின்சாரம் வாங்கிக்கொள்ளும் திறன் ஹப்புக்கு இருக்க வேண்டும். மலிவான ஹப்புகளில் அது இருப்பதில்லை. எனவே ஹப் முழுவதும் அணைந்து எழுகிறது. வெளித்திரை கறுக்கிறது, லேன் இணைப்பு அறுகிறது, மீட்டிங்கில் குரல் துண்டாகிறது. ஹப்பில் எஸ்எஸ்டி மாட்டிக் கோப்பு நகலெடுத்துக்கொண்டிருந்தால் அந்த நகல் பாதியில் செத்துப்போகும். பேட்டரி இல்லாத வைஃபை டாங்கிளையோ ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியையோ இதே சார்ஜரின் இன்னொரு போர்ட்டில் மாட்டியிருந்தால் அதுவும் ரீபூட் ஆகும்.

கோபம் வருவதற்குக் காரணம், இது தவிர்க்க முடியாத குறை இல்லை என்பதுதான். டைப்-சி சார்ஜிங்குக்கான பவர் டெலிவரி விதிமுறைப்படி, "இனி என்னால் 45 வாட்தான் தர முடியும்" என்று சார்ஜர் புதுப் பட்டியலை அனுப்பலாம், லேப்டாப் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளும். மின்சாரத்தை நிறுத்தவே தேவையில்லை. உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப்பில் அந்த நாசூக்கு இல்லாததால், எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு மறுபடி வரிசையில் வரச்சொல்கிறது. ஹார்ட் ரீசெட் என்பார்கள். அதில் மின்னழுத்தத்தைச் சுழியத்துக்கு இறக்கி, ஒரு நொடி அளவுக்குப் பிறகு திரும்ப ஏற்றுவார்கள். 65 வாட் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போடத் தெரிந்தவர்களுக்கு இதை ஒரு வரியில் போட மனம் வரவில்லை.

இதைவிட மோசம் இயர்பட்ஸ் பெட்டி. அது இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு. நிறையும் தறுவாயில் இன்னும் குறைகிறது. சார்ஜர் "போய்விட்டார்" என்று நினைத்து 65க்குத் திரும்புகிறது. பெட்டி மறுபடி கொஞ்சம் இழுக்கிறது, சார்ஜர் "வந்துவிட்டார்" என்று 45க்கு இறங்குகிறது. யாரும் எதையும் தொடாமலே, சில நிமிடத்துக்கு ஒருமுறை லேப்டாப் "டிங்" என்று கத்தும். ஸ்மார்ட் வாட்ச் சார்ஜிங் வட்டும் இப்படித்தான். காரணம் தெரியாதவர்கள் கேபிளை மாற்றுவார்கள், லேப்டாப்பைச் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். முதலில் இயர்பட்ஸைக் கழற்றிப் பாருங்கள்.

சமாளிக்கும் வழி இருக்கிறது. மீட்டிங் தொடங்கும் முன்பே எல்லாவற்றையும் செருகிவிட வேண்டும், முடியும் வரை ஒன்றையும் பிடுங்கக் கூடாது. கோப்பு நகல் ஓடும்போது சார்ஜரில் லேப்டாப் மட்டும். போனை அந்த நேரத்தில் பவர் பேங்க்கில் போட்டுவிடுவது இன்னும் நல்லது. 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் என்றால் 3.7 வோல்ட்டில் பெருக்கி 74 வாட்-ஹவர், விமானத்தின் 100 வாட்-ஹவர் வரம்புக்குள் வருகிறது. கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. இயர்பட்ஸை லேப்டாப்பின் யூஎஸ்பி துளையிலேயே மாட்டிவிடலாம். இவ்வளவு ஆசாரம் பார்க்கவா ஒரு சார்ஜர் வாங்கினோம் என்று கேட்டால் நியாயமான கேள்விதான்.

இரண்டாவது சி போர்ட்டுக்கும் ஏ போர்ட்டுக்கும் இடையில் இன்னொரு மறைபொருள் இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினால் 5 வோல்ட், இரண்டுக்கும் சேர்த்து 15 வாட் மட்டுமே. உள்ளே இரண்டும் ஒரே மின்னழுத்தக் கோட்டைப் பகிர்கின்றன. ஒருவருக்கு 9 வோல்ட், மற்றவருக்கு 5 வோல்ட் என்று அதனால் தர முடியாது. சீக்கிரம் நிறைய வேண்டிய போனும் வாட்சும் அங்கே சேர்ந்து இருந்தால், போன் மெதுவாகத்தான் ஏறும். இரவில் லேப்டாப் வேண்டாமென்றால் போனை முதல் போர்ட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

கேபிள் பற்றி ஒரு வார்த்தை. 65 வாட் என்பது 20 வோல்ட், 3.25 ஆம்பியர். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியரோடு நின்றுவிடும், ஆகவே 60 வாட்தான் வரும். அதற்கு மேல் போக உள்ளே அடையாளச் சிப் வைத்த 5 ஆம்பியர் கேபிள் வேண்டும், அதில் 100 வாட் அல்லது 240 வாட் என்று எழுதியிருக்கும். 5 வாட் வித்தியாசத்துக்காகப் புதுக் கேபிள் வாங்க வேண்டியதில்லை. ஆனால் போனோடு வந்த வெள்ளைக் கேபிளில் லேப்டாப்பை ஏற்றிவிட்டு "65 வரவில்லை" என்று ஒரு நட்சத்திரம் போடுவதும் சரியில்லை. போன் சாம்சங் என்றால் சார்ஜரில் பிபிஎஸ் (மின்னழுத்தத்தைச் சிறு சிறு படிகளாக மாற்றித் தரும் வசதி) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அது இல்லாமல் 25 வாட் வேகம் வராது. 80 வாட் என்று தனி முறையில் ஏறும் போன்கள் இதில் அந்த வேகத்தில் ஏறவே ஏறாது.

நம்மூர்ப் பிளக் பாயின்ட்டும் இதற்கு எதிரி. இதன் ஊசிகள் ஐரோப்பிய வகை, 4 மி.மீ. தடிமன். நம் 6 ஆம்பியர் பாயின்ட் 5 மி.மீ. ஊசிக்காகச் செய்தது. சார்ஜரின் எடை 120 கிராம், எடை முழுக்கச் சுவரிலிருந்து தள்ளித் தொங்குகிறது. பழைய லாட்ஜ் பாயின்ட்டில் செருகினால் தலை குனிந்துவிடும். 16 ஆம்பியர் பாயின்ட்டிலோ ஊசி உள்ளே ஆடும், 'சர்ர்' என்று பொறிச் சத்தம் கேட்கும். அப்படிக் கேட்டால் உடனே சுவிட்சை அணைத்துவிட வேண்டும். பொறி பட்டுப் பட்டு ஊசி கறுக்கும், கறுத்தால் சூடேறும். தீர்வு எளிது: ஒரு மீட்டர் மூன்று ஊசி எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டால் சார்ஜர் மேஜையில் படுத்துக்கொள்ளும். அந்த ஒயரின் எடையையும் சேர்த்தால் பழைய லேப்டாப் சார்ஜரே தேவலை என்று ஆகிவிடுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ரயிலில் சார்ஜிங் பாயின்ட் 110 வோல்ட். சார்ஜரில் 100-240 வோல்ட் என்று இருப்பதால் அது பிரச்சினையே இல்லை. பிரச்சினை மறுபடி ஊசியும் எடையும். வண்டி குலுங்கும் ஒவ்வொரு முறையும் தொடர்பு விட்டுவிட்டு வரும், ஒவ்வொரு முறையும் அந்த ஒரு நொடிச் சடங்கு. இரவு வண்டிகளில் 11 மணியிலிருந்து காலை 5 வரை பாயின்ட்டில் மின்சாரத்தை நிறுத்திவிடுவதும் உண்டு, தீ விபத்தைத் தவிர்க்க. ஏறியதும் லேப்டாப்பைத்தான் முதலில் போட வேண்டும், போனுக்குப் பவர் பேங்க் இருக்கிறது.

இரும்பு, அலுமினிய உடல் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. இதில் எர்த் ஊசி இல்லை. சார்ஜ் ஏறும்போது உள்ளங்கையை லேசாகத் தேய்த்தால் சுருசுருவென்று இருக்கும், டெஸ்டர் வைத்தால் எரியும். உள்ளே மின் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் மிகச் சிறு மின்னோட்டம் அது. நல்ல சார்ஜரில் ஆபத்து இல்லை. ஆனால் ஒயர் மைக்கில் பேசினால் எதிர்ப்பக்கத்தில் 'ம்ம்ம்' என்று ரீங்காரம் கேட்கும். முக்கியமான பேச்சுக்குப் பேட்டரியில் ஓடவிடுங்கள். சூடு பற்றிப் புகார் இல்லை. முழுச் சுமையில் கையில் பிடிக்க முடியாத அளவு சுடத்தான் செய்யும், உடம்பு சிறியது. தலையணைக்கு அடியில் மட்டும் வைக்காதீர்கள்.

இத்தனை வசவுக்குப் பிறகும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் லேப்டாப், சார்ஜர், பவர் பேங்க் எல்லாவற்றையும் எடுத்துத் தட்டில் பரப்பச் சொல்வார்கள். முன்பு செங்கல் போன்ற லேப்டாப் சார்ஜர், போன் சார்ஜர், வாட்ச் சார்ஜர், அவற்றின் ஒயர்ச் சிக்கல் என்று ஒரு தட்டு நிறையும். இப்போது ஒரு சார்ஜர், இரண்டு கேபிள், அரை நிமிடம். இரண்டரை ஆண்டில் ஒருநாளும் செத்துப்போகவில்லை, ஜெனரேட்டரில் ஓடும் கல்யாண மண்டபத்திலும் தாங்கியது. மீட்டிங், பிரவுசர் என்ற அளவு வேலைக்கு லேப்டாப் 15 முதல் 25 வாட்தான் தின்னும், ஆகவே 45 வாட்டே தாராளம். பெரிய புராஜெக்டை கம்பைல் செய்யும்போது மட்டும் பேட்டரி ஏறாமல் நிற்கும்.

ஆக, 1,800 ரூபாய்க்கு வாங்கலாமா? ஹப் வழியாகச் சார்ஜ் கொடுப்பவராக இருந்தால் வேண்டாம். ஒற்றைப் போர்ட் 65 வாட் ஒன்றும் கையில் இருக்கும் போன் சார்ஜரும் போதும், மீட்டிங்கில் மானம் போகாது. கட்டாயம் மூன்று போர்ட்தான் என்றால் கடையிலேயே சோதியுங்கள்: முதல் போர்ட்டில் லேப்டாப்பை மாட்டி, இரண்டாவதில் போனைச் செருகும்போது லேப்டாப் திரையின் பேட்டரிக் குறியைப் பாருங்கள். சிமிட்டினால் வைத்துவிட்டு வாருங்கள். பின்புறம் ஆர் (R) என்ற எழுத்தோடு தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இல்லாததைத் தொடவே வேண்டாம்.

நண்பருக்கு "வாங்காதே" என்றே பதில் போட்டிருக்கிறேன். என்னுடையதை 1,000 ரூபாய்க்குத் தருகிறாயா என்று திருப்பிக் கேட்டார். அதற்கும் முடியாது என்று சொல்லிவிட்டேன்.