யாழ்ப்பாணத்துச் சைக்கிள் கடையும் நெளிந்த பின்சில்லும்

இந்தமுறை ஊர்ப் பயணத்தில் எழுதியே ஆகவேண்டியது ஒரு சைக்கிள் கடையைப் பற்றி. ஒழுங்கை முனைக் கிடங்கில் இறங்கியதில் வீட்டிலிருந்த பழைய றலிச் சைக்கிளின் பின்சில்லு நெளிந்துவிட்டது. லண்டனில் இதே நெளிவோடு கடைக்குப் போனால் முதலில் நாள் குறிக்க வேண்டும். குறித்த நாளில் போனால், திருத்துகிற கூலிக்குப் புதுச் சில்லே வாங்கலாம் என்பார்கள். இங்கே தகரக் கொட்டகைக்குள் இருந்த பெரியவர் சில்லை ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரிம் நல்ல ரிம், எறிஞ்சு போடாதேங்கோ தம்பி. விட்டுட்டுப் போங்கோ, பின்னேரம் வாங்கோ" என்றார். பின்னேரம் எத்தனை மணிக்கு என்று கேட்டால் மறுமொழி வராது. அந்த எரிச்சல் இன்னும் இருக்கிறது. வேலையைப் பார்த்தபின் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

சைக்கிளைச் சீற்றிலும் ஹான்டிலிலும் தலைகீழாக நிறுத்தினார். இந்தப் பெரிய சைக்கிள்களில் முன்சில்லுக்கு 32 கம்பி, பின்சில்லுக்கு 40. முதலில், கம்பியை ரிம்மில் பிடித்து முடுக்குகிற ஒவ்வொரு நிப்பிளுக்கும் ஒரு துளி மண்ணெண்ணெய் விட்டு ஊறவிட்டார். துருவேறிய நிப்பிளை அவசரப்பட்டுத் திருகினால் அதன் மூலைகள் உருண்டுபோகும், இல்லாவிட்டால் கம்பியே முறுகி அறும். பிறகு சில்லைச் சுற்றிவிட்டு, கையைச் சட்டத்தில் ஊன்றி, சோக்கட்டியை ரிம்முக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்தார். ரிம் வெளியே தள்ளுகிற இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழும். இடப்பக்கம் தள்ளியிருந்தால் அந்த இடத்தில் வலப்பக்கக் கம்பிகளைக் கால் சுற்று முடுக்கி, இடப்பக்கக் கம்பிகளை அதேயளவு இளக்க வேண்டும். பலர் பிழைவிடுவது இதில்தான். இளக்காமல் முடுக்கிக்கொண்டே போனால் நெளிவு எடுபடும், ஆனால் ரிம் அந்த இடத்தில் உள்ளே இழுபட்டு வட்டம் கெடும். பிறகு மட்டமான றோட்டிலும் சைக்கிள் துள்ளும்.

கோடு சில்லு முழுக்க மெல்லிசாக விழத் தொடங்கியதும், கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்து இறுக்கி நெரித்தார். 'டிக் டிக்' என்று கம்பிகள் தங்கள் இடத்தில் இருந்தன. இதைச் செய்யாமல் விட்டால் முதல் ஓட்டத்திலேயே நெளிவு திரும்பும். கடைசியாக ஒவ்வொரு கம்பியையும் விரலால் சுண்டி, இறுக்கம் ஒரேயளவா என்று சத்தத்தில் பார்த்தார். சில்லில் இரண்டு கம்பிகள் அறுந்தும் இருந்தன, இரண்டும் செயின் பக்கம், நடுவிலுள்ள ஹப்பில் வளைகிற இடத்தில். பின்சில்லில் வழக்கமாக அறுவதும் அங்கேதான், பின் பற்சில்லான பிறீவீலைக் கழற்றினால்தான் புதியதைக் கோர்க்கலாம். கோர்த்தபின் நிப்பிளுக்கு மேலே எட்டிப்பார்த்த கம்பி நுனிகளை அரத்தால் ராவினார். ராவாமல் விட்டால் அது உள்ளேயிருந்தே ரியூப்பைக் குத்தும். ரயரில் முள்ளைத் தேடித் தேடிக் களைக்க வேண்டியதுதான்.

இந்தக் கை எங்கே பழகியது என்பது அந்தக் காலத்தில் ஊரில் இருந்தவர்களுக்குத் தெரியும். 1990இல் போரால் ரெயில் நின்றது, மின்சாரம் நின்றது, பெற்றோலும் பற்றரியும் தடையாயின. மோட்டார்சைக்கிளுக்குப் பெற்றோலைச் சொட்டாக விட்டு ஸ்ராட் செய்து, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். மற்றதெல்லாம் சைக்கிளின் தலையில் விழுந்தது: விறகு, சந்தைக்குப் போகிற மரக்கறி, ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளி. 1995 ஒக்ரோபர் 30 இரவு, யாழ் நகரைச் சேர்ந்த வலிகாமம் முழுவதும் போருக்கு அஞ்சி நாவற்குழிப் பாலத்தால் கிழக்கே தென்மராட்சிக்கு நகர்ந்தபோதும் சனம் உருட்டிக்கொண்டு போனது சைக்கிளைத்தான். வெடித்த ரயருக்கு உள்ளே பழைய ரயர்த் துண்டை வைத்து ஓடிய காலம். புதியதை மாற்று என்று சொல்ல எந்த மெக்கானிக்காலும் முடியாது.

கிரிக்கெட் வர்ணனையும் இந்தச் சைக்கிளால்தான் வந்தது. சில்லோடு உரசிச் சுழன்று மின்சாரம் தருகிற 6 வோல்ட், 3 வாட் டைனமோ. சைக்கிளைக் கவிழ்த்து ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் ரேடியோவைச் சூழ்ந்திருப்பார்கள். டைனமோவில் வருவது மாறுமின் (AC) என்பதால் டயோட் போட்டு நேர்மின்னாக்கித்தான் (DC) ரேடியோவுக்குக் கொடுக்க வேண்டும். சுற்றுகிறவர் களைத்தால் வர்ணனை அமுங்கும். உற்சாகத்தில் வேகமாகச் சுற்றினால் வோல்ட் ஏறி ரேடியோ எரியும். 1992 உலகக் கிண்ணத்தில் சிம்பாப்வேக்கு எதிராக 313 என்ற இலக்கை இலங்கை துரத்திப் பிடித்தது. அந்தக் கிண்ணத்தின் ஆட்டங்களை இப்படிக் கேட்டவர்கள் ஊரில் ஏராளம்.

இன்றைக்கும் கடைக்கு வருகிற பெடியளில் பாதிப்பேர் மைதானத்துக்குப் போகிற பெடியள், கரியரில் கிரிக்கெட் மட்டையும் பாட்ஸும் கட்டியபடி. மார்ச்சில் சென்ற் ஜோன்ஸ் கல்லூரியும் யாழ் மத்திய கல்லூரியும் மோதும் 'வடக்கின் பெருஞ்சமர்' கிரிக்கெட் நெருங்கினால் கடையில் நெரிசல்தான். 1904இல் தொடங்கிய அந்த மூன்று நாள் ஆட்டத்துக்கு மைதானம் வரை சைக்கிளில் போய்ப் பார்ப்பதே முறை. 2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது, மூலையில் சாத்தியிருந்த றலிகளும் ஹம்பர்களும் திரும்ப இந்தக் கொட்டகைக்கே வந்தன. ஆனால் நெளிவு எடுக்கத் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. புதுக் கடைகளில் இளம் பிள்ளைகள், லண்டன்காரரைப் போலவே, சில்லை மாற்றச் சொல்கிறார்கள். கேட்க மனம் கொதிக்கிறது.

வெளிநாட்டிலிருந்து சைக்கிள் கொண்டுபோகிறவர்களுக்கு: மெல்லிய பிறெஸ்ரா வால்வுக்கு ஊர்ப் பம் பொருந்தாமல் போகலாம், பித்தளை அடப்ரர் இரண்டு கொண்டுபோங்கள். கியர் கேபிளும் உங்கள் சில்லுக்கு அளவான கம்பி நாலைந்தும் கையில் இருக்கட்டும், பெரியவரிடம் இருப்பது 28 அங்குலச் சில்லுக்கான கம்பிகள் மட்டும். பெற்றோல் நிலையத்தில் லொறிக்குக் காற்றடிக்கிற குழாயை வைக்க விடாதீர்கள், ஒரு நொடியில் ரியூப் வெடிக்கும். திருத்தக் கொடுப்பதானால் காலை ஒன்பதுக்கு முன் கொடுங்கள். நல்லூர்த் தேரன்று கடை பூட்டு.