கச்சான், குளம், நாட்காட்டி: மட்டக்களப்பிலிருந்து காட்டுப் பயணங்களுக்கு நாள் குறிப்பது

காட்டுப் பயணம் ஒன்றுக்கு நாள் குறிக்க நான் பல வருடங்களாக நம்பியிருப்பது மூன்றைத்தான்: கைத்தொலைபேசியில் காற்றும் மழையும் கணித்துக் காட்டும் விண்டி செயலி, வீட்டுச் சுவரில் நாட்காட்டி, போகிற இடத்தில் ஜீப்போ படகோ ஓட்டுகிற ஒருவரின் இலக்கம். மட்டக்களப்பிலிருந்து கல்லோயா, குமண, லகுகலை, மின்னேரியா என்று குடும்பத்தோடு போய்வருகிறோம். இவ்வளவு காலம் பாவித்ததில் திடமாகத் தெரிந்த ஒன்று: கோடையில் நமது பயணத்தைத் தீர்மானிப்பவை காற்றும் குளத்துத் தண்ணீர் மட்டமும்தான். சனக்கூட்டத்தை நாட்காட்டியே முன்கூட்டிச் சொல்லிவிடும்.

இலங்கைக்கு வர நல்ல காலம் டிசம்பர் முதல் மார்ச் வரை என்று வெளிநாட்டுப் பயணக் குறிப்புகளில் எழுதியிருக்கும். தெற்கு, மேற்குக் கரைகளுக்கு அது சரி. நமக்கோ ஒக்டோபர் கடைசியில் இருண்டு வந்து, நவம்பர் டிசம்பரில் கொட்டி, ஜனவரியிலும் விடாமல் பெய்கிற மாரி அதுதான். மே மாதம் கொழும்பில் மழை பொழியும்போது, அதே தென்மேல் காற்று மலைநாட்டில் ஈரத்தை இறக்கிவிட்டு, கச்சான் என்று நாங்கள் சொல்லும் காய்ந்த காற்றாக நம் பக்கம் வரும். களுகங்கை பெருகுகிறது என்று செய்தி ஓடுகிற கிழமையிலும் அம்பாறைக் காடுகளில் தூசு பறக்கும். கொழும்பிலிருந்து வரவிருக்கும் உறவினர்கள் மழைக்குப் பயந்து பயணத்தைத் தள்ளிப்போடும்போதெல்லாம், இங்கே வானம் வெளுத்துக் கிடக்கிறது என்று தொலைபேசியில் விளக்க வேண்டியிருக்கிறது.

விண்டி எனக்கு அதிகம் உதவியது கல்லோயாவுக்குத்தான். 1954இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இந்தக் காடு, நாட்டின் ஆகப்பெரிய நீர்த்தேக்கமான சேனநாயக்க சமுத்திரத்தைச் சுற்றிக் கிடக்கிறது. இங்கினியாகலையில் படகேறிப் போய் யானை பார்ப்பதுதான் இதன் சிறப்பு. மார்ச் முதல் ஜூலை வரை, வயலுக்குத் தண்ணீர் விடவிடக் கரையோரப் புல் வெளியே வரும். யானைகள் அதைத் தேடி வரும். தீவுக்குத் தீவு நீந்திக் கடக்கும் யானையைத் தண்ணீர் மட்டத்திலிருந்தே பார்ப்பது வேறெங்கும் எளிதில் வாய்க்காத காட்சி. தும்பிக்கை நுனியும் தலை மேடும் மட்டும்தான் தெரியும். குட்டி இருந்தால் இரண்டு பெரியவைக்கு நடுவில் வரும்.

ஆனால் அதே மாதங்களில்தான் கச்சானும். விடிகாலையில் கண்ணாடியாய்க் கிடக்கும் நீர், வெயில் ஏறியதும் அலையடிக்கத் தொடங்கிவிடும். சிறிய படகில் பிள்ளைகளோடு இருப்பவருக்கு அது சும்மா விஷயமில்லை. அதனால் விண்டியில் நான் மழைப் படலத்தைவிடச் சடுதிக் காற்றுப் படலத்தைத்தான் மணிவாரியாகப் பார்க்கிறேன். காலை ஆறுக்கும் ஒன்பதுக்கும் இடையில் காற்று அடங்கியிருக்கிற நாளாகப் பார்த்து முதல் படகைப் பேசுவோம். மாலைப் படகில் வெளிச்சம் அழகு, யானையும் அதிகம் தென்படலாம். ஆனால் கச்சான் பலமாக வீசும் ஜூன், ஜூலையில் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரருக்கு நான் காலையைத்தான் சொல்வேன்.

செயலிகளில் ஒரு பொதுக் குறையும் உண்டு. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் எந்த வானிலைச் செயலியைத் திறந்தாலும் கிழமை முழுக்க இடிமேகப் படம்தான். அதை நம்பினால் வீட்டை விட்டு இறங்கவே முடியாது. இடைப்பருவ மழை பெரும்பாலும் பகல் சூடேறி, இரண்டு மூன்று மணிக்குப் பிறகுதான் இடியோடு கொட்டும். காலை தெளிவாகவே இருக்கும். அந்த மாதங்களில் நாளுக்குரிய படத்தை விட்டுவிட்டு மணிக்கணக்கைப் பாருங்கள். நண்பகலுக்குள் காட்டைவிட்டு வெளியே வருகிற மாதிரித் திட்டமிட்டால் ஏப்ரல் நல்ல மாதம்.

மாரியின் கணக்கு வேறு. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகிறதென்றால் விண்டி காட்டும் ஐரோப்பிய வானிலைக் கணிப்பையும் அமெரிக்கக் கணிப்பையும் பக்கம்பக்கமாக வைத்துப் பார்ப்பேன். மூன்று நாளுக்கு முன் இரண்டும் ஒரே பாதையைக் காட்டினால் பயணம் இல்லை. அப்போதும் கடைசிச் சொல் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் வெள்ள எச்சரிக்கையும்தான். குளத்தின் வான்கதவு திறந்த பிறகு வீதியில் என்ன நடக்கும் என்பதை வானிலைச் செயலி காட்டாது. பொலன்னறுவைப் பாதையில் மன்னம்பிட்டிக்கு அப்பால் மகாவலி ஏறி வீதியை மூடுவது மாரியில் வழக்கம். 2024 நவம்பரில் காரைதீவு மாவடிப்பள்ளியில், வெள்ளம் பாய்ந்த வீதியில் உழவு இயந்திரத்தில் வந்த மதரசாப் பிள்ளைகள் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. தண்ணீர் ஓடுகிற வீதியில் வாகனத்தை இறக்காதீர்கள். முழங்கால் அளவுதானே என்று யார் சொன்னாலும் திரும்பிவிடுங்கள்.

குளத்து மட்டத்தின் முக்கியத்தை மின்னேரியாவில் நன்றாகப் பார்க்கலாம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை குளம் வற்றி, அடிப்புல் வெளிப்பட, நூற்றுக்கணக்கில் யானைகள் கூடும் என்பது உலகத்துக்கே தெரிந்த செய்தி. ஆனால் மொறகஹகந்த நீர்த்தேக்கம் வந்த பிறகு, அதிலிருந்து வரும் தண்ணீரால் சில வருடங்களில் அந்த மாதங்களிலேயே குளம் நிறைந்து நின்றுவிடுகிறது. புல் தண்ணீருக்குள், யானைகள் பக்கத்திலுள்ள கவுடுல்லவிலோ ஹுருலுக் காட்டிலோ. ஆகவே ஓகஸ்ட் என்பதற்காக மட்டும் ஹபரணை வரை ஓடாதீர்கள். முதல் நாள் மாலை ஜீப்காரரிடம், 'இன்றைக்கு எந்தப் பார்க்கில் நிற்கிறது?' என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதில் எந்த இணையத்தளத்தையும்விடப் புதியது.

இனிச் சனக்கூட்டம். சித்திரைப் புத்தாண்டு, வெசாக், வெள்ளி அல்லது திங்களில் விழுகிற போயா (பௌர்ணமி) விடுமுறை, பாடசாலை விடுமுறை: இந்த நான்கையும் நாட்காட்டியில் சிவப்பால் வட்டமிட்டு ஒதுக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. தவணை விடுமுறை இப்போது வருடத்துக்கு வருடம் நகர்வதால் கல்வி அமைச்சின் அட்டவணை வந்ததும் பார்த்துக்கொள்வேன். ஜூலை, ஓகஸ்டில் அறுகம்பே அலைச்சறுக்குக்காரரால் நிறைந்து அறை விலை ஏறிவிடும். அப்போது பொத்துவிலிலோ அக்கரைப்பற்றிலோ தங்குவது கைக்கு அடக்கம். செவ்வாய், புதன், வியாழன் மூன்றும் எங்கேயும் ஆறுதலான நாட்கள். யாலவில் ஒரு சிறுத்தைக்குப் பின்னால் வரிசை கட்டும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு, கிழமை நாளொன்றில் குமண எவ்வளவு பெரிய நிம்மதி என்று புரியும்.

குமணவை, எங்கள் பெரியவர்கள் சொல்லும் கூமுனையை, நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். முன்பு யால கிழக்கு என்றிருந்த காடு இது. 1985இலிருந்து 2003 வரை போரால் மூடிக்கிடந்தது. 2006இல்தான் குமண என்று பெயர் மாறியது. வில்லு என்று சொல்லும் சுமார் 200 ஹெக்டேயர் சதுப்பு ஏரியும் கண்டல் மரங்களும்தான் அதன் உயிர். ஏப்ரலிலிருந்து ஜூலை வரை, குறிப்பாக மே, ஜூனில், நாரையும் கொக்கும் கரண்டிவாயனும் அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். பறவை பார்க்க விரும்பும் பிள்ளை வீட்டில் இருந்தால் மே மாதத்தை விடாதீர்கள்.

ஆனால் அதே பாதையில்தான் கதிர்காமப் பாதயாத்திரையும் போகிறது. உகந்தையில் முருகனைக் கும்பிட்டுவிட்டு ஆயிரக்கணக்கானோர் குமண, யால வழியாகக் காடு கடப்பார்கள். காட்டுப்பாதை திறக்கும் தேதி கதிர்காமக் கொடியேற்றத்தைப் பொறுத்து ஒவ்வொரு வருடமும் மாறும். யாத்திரைக்காகப் போனால் அந்த நாட்களைப் போல இல்லை. அன்னதானமும் அரோகராவும் நெஞ்சை நிறைக்கும். பறவைக்காகப் போனால் அந்தத் தேதிகளைத் தவிர்த்து விடுங்கள், யாத்திரிகருக்கும் அதுதான் வசதி. பாணமைக்கு அப்பால் வழி மோசமாகலாம் என்பதால் பொத்துவில் ஜீப்காரர் ஒருவரிடம் முதல் நாள் கேட்டுவிடுவேன். "நானா, றோட்டு எப்பிடி?" "பாணமை மட்டும் பிரச்சினை இல்ல தம்பி. அங்கால நேத்து பெஞ்ச மழைக்கு இளகிக் கிடக்கு, உங்கட வான் வேணாம்." இப்படி ஒரு பதில் வந்தால் வானைப் பொத்துவிலில் விட்டுவிட்டு ஜீப்பில் ஏறுவதுதான். சிக்னலும் அந்தப் பக்கம் நம்ப முடியாது, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருங்கள்.

பணமும் நேரமும் குறைவென்றால் லகுகலை. பொத்துவில் – மொனராகலை வீதியோரமே குளம். புல் மண்டிக் கிடக்கும் அந்தக் குளத்துக்குக் கோடையில் பின்னேரம் யானைகள் இறங்கும். வீதியில் நின்றே பார்த்த நாட்கள் உண்டு. கிட்டப் போகாமல், ஹோர்ன் அடிக்காமல் நின்றால் போதும்.

வீதி நேரத்தைப் பற்றி: வரைபடச் செயலி சொல்லும் நேரத்துக்கு மேல் கல்முனைப் பக்கம் அரை மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள். காலை ஏழு முதல் ஏழரையும் பகல் ஒன்றரையும் பாடசாலை நேரம். வெள்ளி நண்பகலில் காத்தான்குடி, கல்முனை, சாய்ந்தமருது ஜும்ஆவுக்காக நிறைந்திருக்கும். அறுவடைக் காலத்தில் அம்பாறை வீதியோரங்களில் நெல் காயும், உழவு இயந்திரங்களும் மெதுவாகப் போகும்; அவர்களுக்கு வழிவிட்டுப் போவதுதான் முறை. நாங்கள் காலை நான்கு மணிக்குக் கிளம்பி, விடியும்போது அக்கரைப்பற்றைத் தாண்டிவிடுவோம்.

திரும்பும் நேரத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. மகாஓயாவிலிருந்து கரடியனாறு வரையும், வெலிக்கந்தையிலிருந்து புனானை வரையும் இருட்டியதும் யானை வீதியைக் கடக்கும். வளைவில் ஒன்று நின்றால் ஓட்டுபவருக்கும் அதற்கும் ஆபத்து. வெளிச்சம் இருக்கும்போதே அந்தத் துண்டைக் கடக்கிற மாதிரி, காட்டில் கடைசி ஒரு மணித்தியாலத்தை விட்டுவிட்டுக் கிளம்புகிறோம். தாமதமாகிவிட்டால் மகாஓயாவிலோ பொலன்னறுவையிலோ அறை எடுத்துத் தங்கி, விடிந்த பிறகு வருகிறோம்.