உயிலா, கூட்டுரிமையா? வீவக வீடு பிள்ளைகளுக்குப் போகும் வழிகள்

ஒருவர் இறந்தபின் அவருடைய வீடு யாருக்குப் போகும் என்பதை உயில்தான் தீர்மானிக்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில், சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டை வாங்கிய அன்று உரிமை எந்த வகையில் பதியப்பட்டது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

கணவனும் மனைவியும் கூட்டுரிமையாளராக இருந்தால், ஒருவர் காலமானதும் வீடு முழுவதும் மற்றவருக்குச் சேர்ந்துவிடும். அதற்கு நீதிமன்ற உத்தரவு தேவையில்லை. சிங்கப்பூர் நில ஆணையத்தில் இறப்பைப் பதிந்தால் போதும். செலவு குறைந்த இந்த வழியில் ஒரு சிக்கல் உண்டு. மறுமணம் செய்துகொண்ட ஒருவர், தம் பாதி முதல் தாரத்துப் பிள்ளைகளுக்கே என்று உயிலில் எழுதி வைத்தாலும், கூட்டுரிமை வீட்டைப் பொறுத்தவரை அந்த வாசகம் செல்லாது. அப்படிப்பட்ட குடும்பத்தில், பங்கு பிரித்துப் பதியும் தனிப்பங்குரிமையும் அதற்கேற்ற உயிலுமே நியாயமானவை என்பது என் கருத்து.

உயில் இருந்தால், அதில் பெயர் குறிக்கப்பட்ட நிறைவேற்றுநர் நீதிமன்றத்தில், உயிலை உறுதிசெய்யும் புரொபேட் ஆணை கேட்கிறார். உயில் இல்லாவிட்டால் உறவினர் ஒருவர், சொத்தை நிர்வகிக்க அதிகாரம் தரும் நிர்வாக ஆணை கோர வேண்டும்; வாரிசுகளில் சிறுவர் இருந்தால் நிர்வாகிகள் இருவராவது வேண்டும். பங்கீட்டையும், உயிலின்றி இறந்தவர்களின் சொத்துக்கான 1967ஆம் ஆண்டுச் சட்டமே முடிவு செய்யும்: துணைக்குப் பாதி, பிள்ளைகளுக்கு மீதிப் பாதி சமமாக. தாயைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மகளுக்கும் தீபாவளிக்கு மட்டும் வந்துபோன மகனுக்கும் பங்கு ஒன்றுதான். முஸ்லிம்களுக்கு இச்சட்டம் பொருந்தாது; அவர்களுடைய பங்கீடு ஃபராயிட் என்ற இஸ்லாமிய வாரிசுரிமை முறைப்படி நடக்கும்.

உயிலே மேல் என்றாலும், அது எளிதில் கெட்டுப்போகும். எழுதுபவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் ஒருசேர இருக்கும்போது அவர் கையெழுத்திட வேண்டும். சாட்சிக்கோ சாட்சியின் துணைக்கோ எழுதிய சொத்து அவர்களைச் சேராது என்பதால், மருமகனைச் சாட்சியாக வைத்தால் மகள்தான் இழப்பாள். திருமணத்தை எதிர்பார்த்து எழுதப்பட்டதாக இல்லாவிட்டால், பின்னர் நடக்கும் திருமணமும் உயிலை ரத்தாக்கிவிடும். மத்திய சேமநிதிப் பணமோ உயிலுக்குள் வராது. அதற்குத் தனியே வாரிசு நியமனம் செய்ய வேண்டும்.

உயிலைப் பதிவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் சார்பதிவாளர் முத்திரை பதிந்த உயிலுக்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் அங்கும், 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, அது கட்டாயமில்லை. சிங்கப்பூரிலுள்ள உயில் பதிவகம் உயிலை வாங்கி வைப்பதுமில்லை, அது செல்லும் என்று சான்று தருவதுமில்லை. உயில் எழுதியவர் யார், அது எங்கே இருக்கிறது போன்ற விவரங்களை மட்டுமே குறித்துக்கொள்கிறது. ஆயினும் பதிவதை நான் பரிந்துரைப்பேன். ஏனென்றால் நீதிமன்றம் கேட்பது மூல உயிலை; அது எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். எழுதியவர் வசமிருந்த மூலம் அவர் இறந்தபின் கிடைக்காவிட்டால், அவரே அதை அழித்திருக்க வேண்டும் என்ற அனுமானத்தைப் பிள்ளைகள்தான் சான்று காட்டி முறியடிக்க வேண்டியிருக்கும்.