பட்டன் மிஷின் வாங்கலாமா? கேன்ஸோ 2 பற்றி ஒரு வங்கி கவுன்ட்டர்காரியின் கருத்து

காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது காது கேட்க ஆபரேஷன் செய்து தலைக்குள் வைக்கும் கருவி, வைத்திருப்பவர்கள் வெளியே மாட்டும் புது பிராசஸர் (சத்தத்தை வாங்கி உள்ளே அனுப்பும் மிஷின்) வாங்கப் போனால், இப்போதெல்லாம் முதலில் கையில் எடுத்துக் கொடுப்பது தலையில் வில்லை மாதிரி ஒட்டிக்கொள்ளும் பட்டன் டைப்பைத்தான். காதில் ஒன்றும் தொங்காது, ஒயர் இருக்காது, முடிக்குள் போய்விட்டால் யாருக்கும் தெரியாது என்பார்கள். தெரியாதுதான். அதற்காக மட்டும் லட்சக்கணக்கில் பணத்தைக் கொட்டாதீர்கள் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். நானும் கேன்ஸோ 2 என்ற பட்டன்தான் வாங்கியிருக்கிறேன். வாங்க வைத்தது என் மூக்குக் கண்ணாடி.

எனக்கு ஊர் திருச்சி. வங்கியில் கவுன்ட்டர் வேலை. வலது பக்கம் இம்ப்ளான்ட், இடது காதில் மிச்சம் இருக்கும் கேள்விக்கு ஒரு ஹியரிங் எய்ட். கிட்டப்பார்வையும் தூரப்பார்வையும் சேர்ந்த கண்ணாடி காலையில் ஏறினால் இரவுதான் இறங்கும். கொரோனா காலத்தில் அதற்கு மேல் மாஸ்க்கும் சேர்ந்துகொண்டது. ஒரே காதில் கண்ணாடிக் கம்பி, மாஸ்க் நாடா, பிராசஸர் என்று மூன்றும் இடம் பிடிக்க முட்டி மோதும். மாஸ்க்கைக் கழற்றும்போது நாடாவோடு பிராசஸரும் சேர்ந்து வந்துவிடும். காதின் மேல் மடிப்பில் புண் ஆறவே ஆறாது. "அக்கா, கொஞ்ச நேரம் கழட்டி வையுங்களேன்" என்று பக்கத்து கவுன்ட்டர் பெண் அக்கறையாகச் சொல்வாள். கழற்றினால் எதிரில் நிற்பவர் டெபாசிட் போட வந்தாரா, எடுக்க வந்தாரா என்றே எனக்குத் தெரியாது.

மாடலைப் பார்க்கும் முன் ஒரு விஷயம். தலைக்குள் எந்தக் கம்பெனி இருக்கிறதோ, வெளியே மாட்டுவதும் அந்தக் கம்பெனிதான். போன் மாதிரி கம்பெனி மாற்ற முடியாது. தலைக்குள் மெட்எல் இருந்தால் ரோண்டோ. ஒயர் இல்லாமல் ஒரே துண்டாக வந்த முதல் பிராசஸர் அதுதான், 2013இல். காக்ளியர் கம்பெனி என்றால் கேன்ஸோ. அது 2016இல் வந்தது. அதன் அடுத்த மாடலான கேன்ஸோ 2வும், மெட்எல்லின் ரோண்டோ 3யும் 2020இல் வந்தன. அட்வான்ஸ்டு பயோனிக்ஸ்காரர்களுக்கு நெப்டியூன் என்று காதில் மாட்டாத ஒன்று வந்தது, ஆனால் அது சட்டையிலோ கையிலோ பொருத்திக்கொண்டு தலைக்கு ஒயர் விடுகிற ரகம். எனக்கு உள்ளே இருப்பது காக்ளியர். ஆகவே கேன்ஸோ 2வா, அல்லது பழையபடி காதுக்குப் பின்னால் மாட்டும் நியூக்ளியஸ் வரிசையில் புதியதா என்பதுதான் என் முன் இருந்த கேள்வி. காது கேட்கும் திறனைப் பரிசோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் மேடம் இரண்டையும் ட்ரையலுக்குக் கொடுத்தார்.

காதுக்குப் பின்னால் மாட்டுவதில் மைக், கம்ப்யூட்டர், பேட்டரி எல்லாம் காதில் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து ஒரு ஒயர் போய், தலையில் காந்தத்தால் ஒட்டியிருக்கும் காயில் என்ற சின்ன வட்டத்தைச் சேரும். காது எடையைத் தாங்கும், காந்தம் காயிலை மட்டும் பிடித்தால் போதும். பட்டனில் அத்தனையும் ஒரே வில்லையில். மொத்த எடையும் காந்தத்தின் தலையில். இதிலுள்ள நல்லது, கெட்டது இரண்டுக்கும் காரணம் இது ஒன்றுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். காது காலியாகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டுவது என்ற சாதாரண வேலையை இப்போது யோசிக்காமல் செய்கிறேன். ஒயர் இல்லாததால் ஒயர் வெட்டுப்பட்டு, சத்தம் விட்டு விட்டு வரும் தொல்லை கிடையாது. காதுப் பிராசஸர் போடுகிற யாரைக் கேட்டாலும் முதலில் போவது காயில் ஒயர்தான் என்பார்கள். வியர்வைப் பயமும் போயிற்று. கேன்ஸோ 2க்கு உறை எதுவும் போடாமலே ஐபி68 தரம், அதாவது தூசிக்கும் தண்ணீருக்கும் தாங்கும். திருச்சி சித்திரை வெயிலில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இப்போது காந்தத்துக்கு வருவோம். பட்டன் வாங்குகிறவர்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டியது இதில்தான். கடையில் அரை நிமிடத்தில் முடித்துவிடப் பார்ப்பார்கள். விடாதீர்கள்.

காந்தத்தில் பல பலம் உண்டு, நம்பர் போட்டு வரும். எனக்கு முடி அடர்த்தி. எண்ணெய் தேய்த்துப் பின்னல் போட்டால் தோலுக்கும் பட்டனுக்கும் நடுவே ஒரு மெத்தையே இருக்கும். பழைய காயிலுக்குப் போட்டிருந்த நம்பரில் பட்டன் நிற்கவில்லை. குனிந்து கீழ் டிராயரைத் திறந்தால் சறுக்கும், தலையைத் திருப்பினால் நகரும். சரி, பெரிய நம்பர் போடுங்கள் என்றேன். மேடம் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. காந்தம் கூடினால், உள்ளே இருக்கும் இம்ப்ளான்ட்டுக்கும் வெளியே இருக்கும் பட்டனுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது நம் தோல். நாளெல்லாம் அழுத்தினால் ரத்த ஓட்டம் குறைந்து சிவக்கும், வலிக்கும், கவனிக்காமல் விட்டால் புண்ணாகும். அதனால் ஒரு நம்பர் மட்டும் ஏற்றி, பட்டன் உட்காரும் இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு முடியைக் குட்டையாகக் கத்தரிக்கச் சொன்னார். மேல் முடி விழுந்து மூடிவிடுவதால் வெளியே தெரியாது. அது கச்சிதமாக வேலை செய்தது. இப்போதும் இரவில் கழற்றியதும் மகளைக் கூப்பிட்டு அந்த இடத்தைப் பார்க்கச் சொல்வேன். "லேசா பிங்க்கா இருக்கும்மா, அவ்ளோதான்" என்றால் சரி. காலையிலும் சிவப்பு போகாமல் இருந்தால் அன்றைக்கே ஆடியாலஜிஸ்டுக்குப் போன் போட வேண்டும்.

கூடவே ஒரு சேஃப்டி கயிறு வரும், ஒரு முனை பட்டனில், மறுமுனையில் கிளிப். வாங்கியவர்களில் பாதிப் பேர் அதை டப்பாவிலேயே வைத்துவிடுகிறார்கள். அசிங்கமாக இருக்கிறதாம். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து தலையைச் சாய்த்துத் தூங்கும் பழக்கம் உள்ளவர்கள் அசிங்கம் பார்க்க வேண்டாம். நான் பின்னலில் குத்திவிட்டு அதன் மேல் பூ வைத்துவிடுகிறேன். யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

காந்தத்தின் இன்னொரு குறும்பு: இரும்பைக் கண்டால் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். பீரோவுக்குள் தலையை விட்டுப் புடவை தேடினால், பட்டன் கதவில் ஒட்டிக்கொண்டு நிற்கும், நான் நிசப்தத்தில் நிற்பேன். பஸ் கம்பி, கார் கதவின் மேல் விளிம்பு எல்லாம் அப்படித்தான். எவர்சில்வர் பாத்திரம் பெரும்பாலும் இழுக்காது, எனவே சமையலறையில் பயமில்லை. இது பட்டன் வகை எல்லாவற்றுக்கும் பொது. காது வகையின் காயிலும் ஒட்டும், ஆனால் மீதி பாகம் காதிலேயே தொங்கும். இங்கே மொத்தமும் போய்விடும்.

ஹெல்மெட்டைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். ஹெல்மெட்டை இறக்கும்போது உள் மெத்தை பட்டனைத் தள்ளிவிடும், கழற்றும்போது கூடவே இழுத்து வரும். சிலர் மெத்தையை வெட்டுகிறார்கள். தலையைக் காப்பாற்றுகிற பொருளை வெட்டுவது எனக்குச் சம்மதமில்லை. நான் ஸ்கூட்டி ஓட்டுவதில்லை. கணவரின் பின்னால் உட்காரும்போது பட்டனைக் கழற்றி டப்பாவில் போட்டுக்கொள்கிறேன். அந்த இரைச்சலில் அவர் பேசுவதில் நான் இழந்தது ஒன்றும் இல்லை. தினமும் வண்டி ஓட்டி வேலைக்குப் போகிறவர்கள் தங்கள் ஹெல்மெட்டையே கையில் எடுத்துக்கொண்டு ட்ரையலுக்குப் போங்கள்.

அடுத்து கேட்கும் தரம். அமைதியான அறையில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. மேடம் வாயை மறைத்துக்கொண்டு சொன்ன வார்த்தைகளை இரண்டிலும் ஒரே மாதிரித் திருப்பிச் சொன்னேன். வித்தியாசம் கவுன்ட்டரில் தெரிந்தது. காது வகையில் மைக் காதின் மேல், ஏறக்குறைய முகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பட்டனில் அது காதுக்குப் பின்னால், மேலே. எதிரில் இருப்பவரின் குரல் என் மண்டையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். பின்னால் பணம் எண்ணும் மிஷின் ஓட, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் மெதுவாக "பாஸ்புக் என்ட்ரி போடணும்மா" என்று சொன்னால், காது வகையில் முதல் தடவையே பிடித்துவிடுவேன். பட்டனில் சில சமயம் "என்னங்கய்யா?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. பட்டனிலும் இரண்டு மைக் உண்டு, முன்பக்கக் குரலைத் தூக்கிக் கொடுக்கும் வேலையை அதுவும் செய்கிறது. ஆனால் வில்லை நேராக நின்றால்தான். கொஞ்சம் சுழன்றுவிட்டால் அதற்கு முன்பக்கம் எது என்று குழம்பிவிடும். மாட்டும்போது மேல் பக்கம் மேலே இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. தலைக்கு மேல் சுற்றும் ஃபேனும் ஒரு இம்சை. காற்று நேரே பட்டால் ஒரு உறுமல் வரும். நாற்காலியை ஓரடி நகர்த்திப் போட்டேன். கூட்டங்களுக்கு மினி மைக் என்ற கூடுதல் சாதனம் இருக்கிறது, பேசுகிறவர் சட்டையில் குத்திவிட்டால் நேராக நம் பிராசஸருக்கு வரும். கேன்ஸோ 2 வாங்குகிறவர்கள் அதற்கும் சேர்த்து பட்ஜெட் போடுவது நல்லது.

போன் விஷயம் சுவாரசியம். ஐபோனிலிருந்தும் குறிப்பிட்ட சில ஆண்ட்ராய்டு போன்களிலிருந்தும் பேச்சு நேராக பிராசஸருக்கே வரும், நடுவில் கழுத்தில் எதையும் மாட்ட வேண்டாம். எல்லா ஆண்ட்ராய்டும் ஒத்துவராது, கம்பெனியின் பட்டியலில் உங்கள் போன் இருக்கிறதா என்று பாருங்கள். வங்கியின் லேண்ட்லைன் வந்தால்தான் கூத்து. ரிசீவரைக் காதில் வைத்தால் பயனில்லை, பட்டன் இருக்கும் இடத்தில், அதாவது பின்மண்டையில் வைக்க வேண்டும். புதிதாக வந்த மேனேஜர் சார் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார், பிறகு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

சார்ஜ். கேன்ஸோ 2இல் பேட்டரி உள்ளேயே இருக்கிறது, கழற்ற முடியாது. ஒரு சார்ஜில் 18 மணி நேரம் வரை என்று கம்பெனி சொல்கிறது. போனிலிருந்து நேராகக் கேட்பது அதிகமானால் அது குறையும். என் நாளுக்குத் தாராளமாகப் போதும். இரவு வீட்டு சார்ஜருக்குள் வைத்தால் சார்ஜும் ஏறும், ஈரமும் காயும். பழையதற்கு வைத்திருந்த தனி உலர்த்தி டப்பா பரணுக்குப் போய்விட்டது. ஆனால் காது வகையில் பேட்டரி தீர்ந்தால் பர்ஸிலிருந்து இன்னொன்றை எடுத்து மாட்டிக்கொண்டு போகலாம். இதில் தீர்ந்தால் தீர்ந்ததுதான், சார்ஜரைத் தேட வேண்டும். புயல், மழை என்று கரண்ட் இரண்டு மூன்று நாள் வராத ஊர்களில் இருப்பவர்கள் இதை நன்றாக யோசியுங்கள். யூஎஸ்பியில் ஓடும் கையடக்க சார்ஜரும் ஒரு பவர் பேங்கும் இல்லாமல் வாங்காதீர்கள். போன் பேட்டரி போலவே இதுவும் வருடம் போகப் போக தளரும் என்பதையும் மனதில் வையுங்கள். அப்போது மாற்ற என்ன செலவு, எத்தனை நாள் ஆகும் என்பதை வாங்கும்போதே எழுத்தில் கேளுங்கள்.

குழந்தைகளுக்கு வாங்கலாமா? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன் செய்த குழந்தையின் அம்மா ஒருவர், பையன் பள்ளிக்கூடத்தில் கிண்டல் செய்கிறார்கள், பட்டன் வாங்கிக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். என் அபிப்பிராயம், சின்ன வயதில் வேண்டாம். ஓடி விளையாடும் பிள்ளை தலையில் காந்தத்தை மட்டும் நம்பி அவ்வளவு விலையுள்ள பொருளை ஒட்டி அனுப்ப முடியாது. தோலும் மெல்லியது. முன்னால் நிற்கும் டீச்சர் குரலும் தெளிவாக வர வேண்டும். பையனுக்குத் தானே மாட்டத் தெரிந்து, விழுந்தால் உடனே சொல்லத் தெரிந்த பிறகு அவனையே கேட்டு முடிவு செய்யலாம்.

நிறம் பற்றியும் ஒரு வார்த்தை. முடி நிறத்துக்கு ஏற்றபடி பல நிறங்கள் இருக்கின்றன. நான் கருப்பு எடுத்தேன். என் தலை நரைத்துக்கொண்டே போகிறது, அது மட்டும் இளமையாக இருக்கும்.

கண்ணாடி போடாதவர், ஹெல்மெட் தினமும் போடுபவர், சந்தை, கடை, கவுன்ட்டர் என்று இரைச்சலில் எதிரே இருப்பவரோடு பேசியே பிழைப்பவர் என்றால் காது வகையிலேயே இருங்கள், நஷ்டம் ஒன்றும் இல்லை. பட்டன் என்று முடிவு செய்துவிட்டால் பழைய பிராசஸரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். அதிலும் இப்போதைய மேப்பை, அதாவது நமக்கென்று ஆடியாலஜிஸ்ட் செட் செய்து வைத்த அளவுகளை, ஏற்றித் தர முடியுமா என்று கேட்டு, ஏற்றி வாங்கி, ஒயரோடு வைத்திருங்கள். மாதம் ஒருமுறை மாட்டி ஓடுகிறதா என்று பாருங்கள். பட்டன் சர்வீஸுக்குப் போகும் நாட்களில் உங்களுக்குக் காது அதுதான்.