டெக்ஸ்ட் கோப்பில் வரி நீக்க செட்டா, ஆக்கா, பைத்தானா?

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கும் இரண்டு விதைக் கடைகளுக்கும் கணக்குக் கோப்புகளைச் சுத்தம் செய்து கொடுக்கிறேன். ஆலையின் எடை மேடையிலிருந்து தினமும் ஒரு டெக்ஸ்ட் கோப்பு வரும். பக்கத்துக்குப் பக்கம் ஆலைப் பெயர், தேதி, ஒரு நீளக் கோடு. நடுவில் வெற்று வரிகள், ரத்தான சீட்டுகள். இதையெல்லாம் களைந்தால்தான் மூட்டைக் கணக்குக்கு வர முடியும். குறுவை அறுவடை நேரத்தில் உட்கார்ந்து கையால் அழித்துக்கொண்டிருந்தால் வேலைக்கு ஆகாது. கட்டளை வரியில் ஓடும் செட் (sed), ஆக் (awk) என்ற டெக்ஸ்ட் கருவிகள், பைத்தான் என்ற நிரல்மொழி, மூன்றிலும் ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டிவிட்டு, இப்போது பைத்தானில் நிற்கிறேன். மற்ற இரண்டும் மட்டம் என்று அர்த்தமில்லை.

செட் 1970களில் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. வரி எண் தெரிந்துவிட்டால் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. முதல் மூன்று வரி போக வேண்டுமா, '1,3' எழுதிப் பக்கத்தில் நீக்கு என்று சொல்லும் ஒரு 'டி' (d). கடைசி வரிக்கு டாலர் குறி. குறிப்பிட்ட சொல் வரும் வரிகளா, சொல்லை இரண்டு சாய்கோட்டுக்குள் வைத்து அதே 'டி'. மைனஸ் ஐ (-i) கொடுத்தால் கோப்பிலேயே மாற்றிவிடும். அதோடு ஒரு பின்னொட்டை ஒட்டினால் பழைய பிரதியும் மிஞ்சும். மேக்கில் மட்டும் அந்தப் பின்னொட்டு கட்டாயம், வேண்டாமென்றால் வெற்று மேற்கோள் குறியாவது தர வேண்டும்.

ஆக் வரிக்குள் புகுந்து பார்க்கும். நான்காவதாக இருக்கும் நிகர எடை பூஜ்யமா, அந்த வரியை விடு என்று சொல்ல முடியும். செட்டில் இதற்கு முழி பிதுங்கும். ஆனால் விடையை அம்புக்குறி (>) போட்டு அதே கோப்புக்குத் திருப்பிவிடாதீர்கள். ஆக் படிக்கத் தொடங்கும் முன்பே, கட்டளைகளை ஓட்டும் ஷெல் அந்தக் கோப்பைக் காலி செய்திருக்கும். வேறு பெயரில் எழுதி, அப்புறம் பெயரை மாற்ற வேண்டும்.

இதுவரை பைத்தானுக்கு வேலையே இல்லை. இரண்டு சொல்லில் முடிவதற்கு எதற்குப் பத்துப் பதினைந்து வரி? எங்கள் கோப்புகளில் தமிழ் இருப்பதுதான் காரணம்.

விதைக் கடைப் பட்டியலில் சில ரகங்களின் வரிகளை மட்டும் எடுத்துவிடச் சொல்வார்கள். ஆடுதுறை 36 ஒழுங்காகப் போய்விடும். பொன்னியிலும் கோ 51இலும் சில வரிகள் அப்படியே நிற்கும். "எல்லாம் எடுத்தாச்சுன்னீங்களே தம்பி, இந்தப் பொன்னி ஏன் இன்னும் உக்காந்திருக்கு?" என்பார் கணக்கர். திரையில் பார்த்தால் எழுத்தில் ஒரு குறையும் இருக்காது.

குறை உள்ளே இருக்கிறது. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் 'பொ' இரண்டு விதமாக வரலாம். பகரத்துக்குப் பிறகு ஒகரக் குறி ஒரே குறியாக இருக்கலாம். அல்லது ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாக இருக்கலாம். அந்த எண்களைக் கோப்பில் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8இல், பகரத்தை விட்டுவிட்டுக் குறியை மட்டும் எண்ணினால் முன்னதற்கு 3 பைட், பின்னதற்கு 6. 'கோ'வுக்கும் இதே கதை, அங்கே இரட்டைக்கொம்பும் காலும். ஆடுதுறையில் இப்படிப் பிரியும் எழுத்து எதுவும் இல்லை, அதனால் அது தப்பித்தது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பட்டியலையும் இன்று தட்டச்சு செய்ததையும் ஒன்றாக ஒட்டும்போது இரண்டு வகையும் கலந்துவிடுகின்றன. செட்டும் ஆக்கும் உள்ளே இருக்கும் குறிகளை அப்படியே ஒப்பிடும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது அவற்றுக்கு வேறு வேறு.

பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா தொகுதியில் நார்மலைஸ் என்று ஒன்று உண்டு. வரியையும் தேடும் சொல்லையும் அதில் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும்) வடிவத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டால் இரண்டு பொன்னியும் ஒரே பொன்னி. விண்டோஸில் உருவான கோப்பில் வரி முடிவில் ஒளிந்திருக்கும் கூடுதல் குறியால் செட்டுக்கு வெற்று வரிகூட வெற்றாகத் தெரியாது. பைத்தான் டெக்ஸ்டாகத் திறக்கும்போதே அதைச் சரிசெய்துவிடுகிறது. திறக்கும்போது யூடிஎஃப்-8 என்று குறியாக்கத்தை மட்டும் நீங்களே சொல்லிவிடுங்கள், விண்டோஸின் இயல்பை நம்ப வேண்டாம்.

பைத்தானில் வரிகளை ஒரு பட்டியலாக வைத்து, அதில் சுற்றிக்கொண்டே நீக்குவதும் வேண்டாம், ஒன்றை நீக்கியதும் அடுத்தது தாவிப்போகும். இருக்க வேண்டிய வரிகளைப் புதுக் கோப்பிலும் நீக்கியவற்றை இன்னொன்றிலும் எழுதுகிறேன். இரண்டாவதைக் கணக்கர் அச்செடுத்துச் சீட்டுப் புத்தகத்தோடு டிக் போட்டுப் பார்த்துக்கொள்கிறார்.

பெர்ல் என்ற இன்னொரு நிரல்மொழியிலும் இதே வசதி உண்டு. அதில் நான் அதிகம் எழுதியதில்லை, அதனால் போட்டியில் சேர்க்கவில்லை. எங்கள் கோப்புகள் சின்னவை. ஜிபி கணக்கில் போனால் வேகம் எப்படி என்று ஓட்டிப் பார்த்ததும் இல்லை. உங்கள் கோப்பில் எண்ணும் ஆங்கிலமும் மட்டும்தான் என்றால் ஆக்கே போதும். தலைப்பு வரிகளைத் தட்டிவிட நானும் இன்னும் செட்டைத்தான் கூப்பிடுகிறேன்.