எடைக்கு வாங்கிய பழைய லெக் வைஸ்: எட்டு மாத அனுபவம்

என் கிரில் பட்டறையில் இரண்டே வருடத்தில் இரண்டு பெஞ்ச் வைஸ் (மேசையில் பொருத்தி, இரும்பை இரு தாடைகளுக்கிடையே திருகி இறுக்கிப் பிடிக்கும் கருவி) உடைந்தன. இரண்டும் புதிதாக வாங்கியவை, இரண்டும் வார்ப்பு இரும்பு. 16 எம்எம் சதுரக் கம்பியைக் கவ்வவைத்து சம்மட்டியால் அடித்து வளைப்பது எங்களுக்கு அன்றாட வேலை. வார்ப்பு இரும்பு அமுக்கத்தைத் தாங்கும், அடியைத் தாங்காது. அதனால்தான் உலையில் காய்ச்சி அடித்துச் செய்த, தரை வரை நீளும் கால் கொண்ட பழைய லெக் வைஸைத் தேடிப் போனேன்.

முதலில் பார்த்த ஒன்றில் பச்சை பெயிண்ட் பளபளவென்று இருந்தது. சின்னச் சுத்தியலால் தட்டினேன். கணீரென்று கேட்க வேண்டிய இடத்தில் ‘தொப்’ என்றது. நகத்தால் சுரண்டியதும் பட்டி உதிர்ந்தது, உள்ளே விரல் நீளத்துக்கு விரிசல். பெயிண்ட் அடித்த பழைய சாமானை நான் இப்போதெல்லாம் தொடுவதே இல்லை.

இரண்டாவது, திருச்சியில் ஒரு பழைய இரும்புக் கடையின் மூலையில் துருவோடு கிடந்தது. “ரொம்ப நாளாக் கிடக்குதுண்ணே, எடைக்கே எடுத்துக்குங்க” என்றார் கடைக்கார பாய். தாடை 5 அங்குலம், எடை 34 கிலோ. கிலோ 80 ரூபாய் என்று 2,720 கொடுத்தேன்.

வாங்குமுன் பார்க்க வேண்டியது மரைதான், அதாவது திருகில் சுற்றிச் சுற்றி ஓடும் வரிகள். திருகை முழுவதும் கழற்றி, அது நுழைந்து சுழலும் மரைப்பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சதுர மரையின் முகடு தட்டையாக இருந்தால் நல்லது. கத்தி முனை போலத் தேய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். மிகப் பழையவற்றில் மரையைத் தனியாகச் செய்து பித்தளையால் பற்றவைத்திருப்பார்கள். அந்தப் பற்று விட்டுப்போனால் சரிசெய்வது பெரும்பாடு. இங்கிலாந்தின் டட்லியில் பீட்டர் ரைட் செய்த வைஸ்களில் ‘சாலிட் பாக்ஸ்’ என்ற முத்திரையைப் பார்க்கலாம். மரைப்பெட்டி ஒரே துண்டாகச் செய்யப்பட்டது என்று அர்த்தம். என்னுடையதில் பெயர் எதுவும் இல்லை, ஆனால் மரை அருமை.

தாடையைத் தள்ளித் திறக்கும் ஸ்பிரிங் பட்டை காணாமல் போயிருந்தது. பழைய வண்டிப் பட்டை ஒன்றைக் காய்ச்சி அடித்துப் பொருத்தினேன். மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறவைத்ததும் திருகு ஒற்றை விரலுக்குச் சுழன்றது.

காலைத் தரையில் ஒரு கருங்கல் குழியில் நிறுத்தி, மேலே மேசையோடு போல்ட் போட்டேன். தாடையின் மேல்விளிம்பு என் முழங்கை உயரம். அடிக்கிற அடி காலின் வழியாக நேரே தரைக்கு இறங்கிவிடுவதால் மேசை அசைவதே இல்லை.

ஒரு குறை உண்டு. முன்தாடை கீழே ஒரு ஆணியில் ஆடுவதால் அகலமாகத் திறந்தால் இரண்டும் இணையாக நிற்காது, கனமான துண்டை அடிவிளிம்பு மட்டுமே பிடிக்கும். அரத்தால் ராவுகிற நுண்வேலைக்கு இது சரிப்படாது. அதற்கு ஷெஃபீல்டில் செய்த பழைய ரெகார்டு பெஞ்ச் வைஸ் ஒன்று வைத்திருக்கிறேன். அதன்மேல் சம்மட்டி படக்கூடாது என்று பையன்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

எட்டு மாதமாகத் தினமும் அடி வாங்குகிறது. இதுவரை நான் செய்த ஒரே பராமரிப்பு, மாதம் ஒருமுறை மரைக்குக் கொஞ்சம் கிரீஸ்.